இறக்கிய காருக்குத் தடித்த பார்: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

டெல்டா பக்கத்து வாசகர்கள் அனுப்பியவற்றில், உயரம் குறைத்த கார்கள் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் ராடு எல்லாம் ஒரே சாமான்தான்: இடது, வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் எஃகுக் கம்பி. கீழே 'பார்' என்றால் அதுதான்.

கேள்வி: என் ஹேட்ச்பேக்கில் 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டேன். பார்க்க அம்சமாக இருக்கிறது. ஆனால் புது ஆற்றங்கரை ரோட்டு வளைவுகளில் முன்னைவிட அதிகமாகச் சாய்வது போலத் தெரிகிறது. இறக்கினால் சாய்வு குறையும் என்றுதானே சொன்னார்கள்? தடிமனான பார் போட்டால் சரியாகுமா? முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: உங்களுக்குத் தோன்றுவது பிரமை இல்லை. வளைவில் காரின் உடம்பு 'ரோல் சென்டர்' என்கிற ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது. அந்தப் புள்ளிக்கும் எடை மையத்துக்கும் நடுவே உள்ள உயரம்தான் சாய்க்கிற நெம்புகோல். காரை 40 மி.மீ. இறக்கினால் எடை மையம் 40 மி.மீ. இறங்குகிறது. முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக நிற்கும் அமைப்பு) உள்ள வண்டியில் ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கிவிடும். நெம்புகோல் நீண்டுவிட்டது. புது ஸ்பிரிங் அந்த அளவுக்குக் கெட்டியாக இல்லையென்றால் சாய்வு கூடத்தான் செய்யும்.

பார் வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, குனிந்து முன் லோயர் ஆர்மை, அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையைக் கவனியுங்கள். சக்கரப் பக்கத்து பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), உள்பக்கத்து ரப்பர் புஷ்ஷைவிட மேலே ஏறி நிற்கிறதா? நின்றால் வண்டி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. 10, 15 மி.மீ. உயர்த்தும் ஸ்பிரிங்கோ, உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவரோ போடுவது, பாரில் செலவழிப்பதைவிடப் பலன் தரும். ஆர்ம் ஏறக்குறைய மட்டமாகவோ, வெளிமுனை சற்றுத் தாழ்ந்தோ இருந்தால் பார் போடலாம்.

தடிமன் விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். பாரின் கெட்டித்தன்மை விட்டத்தின் நான்காம் படியில் ஏறுகிறது. 20 மி.மீ. பாரை எடுத்துவிட்டு 22 மி.மீ. போட்டால், கூடியது வெறும் 2 மி.மீ.தானே என்று தோன்றும். கெட்டி 46 சதவீதம் கூடியிருக்கும். 24 மி.மீ. என்றால் இரு மடங்குக்கும் மேல். உள்ளீடற்ற பாரும் மட்டமில்லை. வெளிவிட்டம் 25, சுவர் 4 மி.மீ. உள்ள குழாய், ஏறத்தாழ 23.5 மி.மீ. கெட்டிக் கம்பிக்குச் சமம். எடை மட்டும் சுமார் 40 சதவீதம் குறைவு. நுனியில் இரண்டு மூன்று ஓட்டை இருக்கும் பாராகப் பார்த்து வாங்குங்கள். கைப்பகுதி 200 மி.மீ. நீளம் இருந்து, 180-இல் உள்ள உள் ஓட்டைக்கு லிங்க் ராடை (பாரின் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி) மாற்றினால் கிட்டத்தட்ட 23 சதவீதம் கெட்டி கூடும். நுனியில் உள்ள ஓட்டைதான் மென்மையானது. முதலில் அதில் மாட்டுங்கள்.

முன்னா பின்னா என்பதற்கு வருகிறோம். பார் சாய்வைக் குறைக்கும். ஆனால் வளைவில் உள்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்க டயர்களுக்குப் போகும் மொத்த எடையை அது குறைப்பதில்லை. அந்த எடையில் முன் ஆக்ஸிலுக்கு எவ்வளவு, பின் ஆக்ஸிலுக்கு எவ்வளவு என்ற பங்கைத்தான் மாற்றுகிறது. எந்தப் பக்கம் கெட்டியாகிறதோ அந்தப் பக்கம் பிடிமானம் முதலில் விட்டுப்போகும். முன்சக்கர டிரைவ் வண்டி ஏற்கெனவே வளைவில் நேராகப் போகப் பார்க்கும் சுபாவம் உள்ளது. முன்னால் மட்டும் தடிமன் போட்டால் அந்தக் குணம் முற்றும். பின்னால் போட்டால் வண்டி கூப்பிட்ட பக்கம் திரும்பும். அதனால்தான் எல்லோரும் பின்னால் போடச் சொல்கிறார்கள்.

ஆனால் நம் ஊர் ரோட்டில் அதற்கு ஓர் எல்லை உண்டு. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் ரோட்டின் ஒரு பாதியில் நெல் காயும்; மறுபாதியில் வைக்கோல் கிடக்கும். நெல்லின் மேல் ஏறிய டயருக்குப் பிடி என்பதே கிடையாது. பின்பக்கம் விறைத்த வண்டி வளைவில் அதன்மேல் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தால் பின்பக்கம் சுழற்றிக்கொண்டு வரும். நடவுக் காலத்தில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) டிராக்டர் ரோட்டில் கொட்டிப் போகும் சேற்றிலும் இதே கதைதான். ஆகவே பின்பக்கம் ஒரு படி மட்டும் கூட்டி, மென்மையான ஓட்டையில் மாட்டி, டயர் நல்ல நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் தினம் ஓடும் வண்டிக்கு அதற்குமேல் தேவையில்லை.

கேள்வி: முன் பக்கத்துக்குத் தடித்த பாரும், நீளம் மாற்றக்கூடிய லிங்க் ராடும் வாங்கி வைத்திருக்கிறேன். கார் 35 மி.மீ. இறக்கியது. எங்கள் மெக்கானிக் இந்த வேலை செய்ததில்லை. எப்படிச் செய்வது, எதில் கவனம் வேண்டும் என்று விவரமாகச் சொல்லவும்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: பல கார்களில் முன் பார், சப் ஃபிரேமுக்கு (லோயர் ஆர்ம்களைத் தாங்கும் அடிச் சட்டம்) மேலே படுத்திருக்கும். சப் ஃபிரேமைக் கொஞ்சம் இறக்காமல் வெளியே வராது. ஒரு நாள் வேலை என்று கணக்கு வையுங்கள். மண் தரையில் செய்யாதீர்கள். வண்டல் மண்ணில் ஸ்டாண்டு ஒருபக்கம் அமுங்கும். சிமென்ட் தளம் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் கெட்டியான பலகை.

முன் சக்கரம் இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும்; நட்டைக் கழற்றும்போது லிங்க் துள்ளி விரலைப் பதம் பார்த்துவிடும். லிங்க் நட்டுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். பால் ஜாயின்டின் தண்டு நட்டோடு சேர்ந்து சுற்றும். தண்டின் நடுவில் ஆலன் கீ போடும் குழியோ, ரப்பர் மூடிக்குப் பின்னால் ஸ்பானர் பிடிக்கும் தட்டையோ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். புது லிங்கில் இம்பாக்ட் கன்னைக் காட்டவே காட்டாதீர்கள். தண்டு சுற்றி ரப்பர் மூடி கிழியும். இரண்டு மாதத்தில் 'டொக் டொக்' என்று வந்து நிற்பீர்கள்.

சப் ஃபிரேம் போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் பெயின்ட் மார்க்கரால் அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். ஸ்டியரிங் தண்டைப் பிரிக்க வேண்டிய வண்டி என்றால், முதலில் சக்கரங்களை நேராக வைத்து ஸ்டியரிங்கைப் பூட்டிவிட வேண்டும். அது தன் போக்கில் சுற்றினால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் ஒயர் அறுந்துபோகும். கீழ் எஞ்சின் மவுன்ட் சப் ஃபிரேமில் இருந்தால் எஞ்சினுக்குத் தனியாக முட்டுக் கொடுங்கள். பிறகு ஜாக்கியில் தாங்கியபடி சப் ஃபிரேமை நாலைந்து அங்குலம் இறக்கினால் பழைய பாரை ஒருபக்கமாக உருவிவிடலாம்.

பழைய பாரையும் புதுப் பாரையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளைவுகள் ஒன்றாக இருக்கின்றனவா, கைநீளம் ஒன்றா, புஷ் உட்காரும் இடம் ஒன்றா. பெட்டியில் எழுதியிருப்பதைவிட இதைத்தான் நம்ப வேண்டும். புஷ்ஷின் உள்விட்டம் புதுப் பாருக்கு உரியதாக இருக்க வேண்டும். பழைய புஷ்ஷை விரித்துப் போடுவது வேலைக்கு ஆகாது. பாலியூரிதேன் புஷ் என்றால் உள்ளே சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். கிளாம்பை முறுக்கி முடித்த பிறகு, லிங்க் மாட்டாத நிலையில், பாரைக் கையால் மேலும் கீழும் ஆட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் கிளாம்ப் நெரிக்கிறது. அப்படியே விட்டால் பார் தன் வேலையோடு புஷ்ஷையும் முறுக்கிக்கொண்டு, சிறு பள்ளத்துக்கெல்லாம் வண்டியை விறைக்க வைக்கும். பார் இடவலமாக நகராமல் இருக்க புஷ்ஷை ஒட்டிப் பூட்டு வளையம் போடுவது நல்லது.

இனி லிங்க் ராடு. இறக்கிய காரில் எல்லாத் தவறும் இங்கேதான் நடக்கிறது.

லிங்க் இரண்டு விதமாக மாட்டப்பட்டிருக்கும். ஸ்ட்ரட்டின் உடம்பில் உள்ள காதிலிருந்து கீழே தொங்கிப் பாரின் நுனியைப் பிடிப்பது ஒன்று. லோயர் ஆர்மிலிருந்து மேலே நிமிர்ந்து பாரைப் பிடிப்பது மற்றொன்று. கார் 35 மி.மீ. இறங்கினால், உடம்பைப் பொறுத்தவரை சக்கரம் 35 மி.மீ. ஏறிவிட்டது, பாரின் நுனியும் கூடவே ஏறி நிற்கும். நுனியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர, முதல் வகையில் லிங்கை நீட்ட வேண்டும், இரண்டாம் வகையில் குறைக்க வேண்டும். 'இறக்கின வண்டிக்குக் குட்டை லிங்க்' என்று பொதுவாகச் சொல்வதைக் கேட்டு, வகை பார்க்காமல் வாங்குகிறவர்கள் நிறைய. லோயர் ஆர்மின் நடுவில் லிங்க் மாட்டியிருந்தால், 35 மி.மீ. முழுவதையும் குறைக்க வேண்டியதில்லை. சக்கரம் நகரும் தூரத்தில் ஒரு பங்குதான் அந்த இடம் நகர்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. பாரின் கைப்பகுதி டிரைவ் ஷாஃப்டுக்கு மேலே போகும் வண்டியில் லிங்கை நீட்டினால், பார் இறங்கிப்போய் ஷாஃப்டில் உட்கார்ந்துவிடும். அங்கே குறைத்துத்தான் ஆக வேண்டும். கோணம் ஐந்தாறு டிகிரி பிசகினால் ஒன்றும் முழுகிப்போகாது, இடைவெளிதான் முக்கியம். காயில்ஓவர் போட்டிருந்தால், லிங்க் மாட்டும் காது பழைய உயரத்தில்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். கழற்றிய ஸ்ட்ரட்டைப் பக்கத்தில் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

நீளத்தை முடிவு செய்வது சக்கரம் தொங்கும் நிலையில் அல்ல. வண்டியின் எடை முழுவதும் சக்கரத்தில் இருக்க வேண்டும்: சாய்தளத்தில் ஏற்றியோ, நான்கு சக்கரத்துக்கும் ஒரே கனமுள்ள கட்டை வைத்தோ. ஓட்டுநர் இருக்கையில் ஆள் உட்காரட்டும், அல்லது ஓர் அரிசி மூட்டையை வையுங்கள். ஒரு பக்க லிங்கை முழுவதும் மாட்டிவிடுங்கள். மறுபக்க லிங்கின் நீளத்தைத் திருகித் திருகி, போல்ட் தள்ளாமல் தட்டாமல் தானாக ஓட்டைக்குள் நுழையும் இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் சரியான நீளம். இரண்டு லிங்கும் ஒரே நீளம் என்று ஸ்கேல் வைத்து மாட்டினால், எங்கோ இருக்கும் சிறு வித்தியாசத்தால் பார் எப்போதும் முறுக்கிலேயே நிற்கும். வண்டி ஒரு மூலை தூக்கி நிற்கும், இடது திருப்பம் ஒரு மாதிரியும் வலது திருப்பம் ஒரு மாதிரியும் இருக்கும். எவ்வளவு நீட்டினாலும் மரையின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும். 10 மி.மீ. மரை என்றால் 15 மி.மீ. பிறகு இரு பக்க லாக் நட்டையும் இறுக்குங்கள். ஒரு பக்கம் இடது மரை என்பதை மறந்துவிட வேண்டாம்.

முறுக்கு அளவுக்கு உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் இருப்பதுதான் சட்டம். கையேடு கிடைக்காதவர்களுக்கு ஒரு மதிப்பு: 8.8 என்று தலையில் பொறித்த போல்ட்டில், எம்8-க்கு 25, எம்10-க்கு 45 முதல் 50, எம்12-க்கு 80 நியூட்டன் மீட்டர். சப் ஃபிரேம் போல்ட்டுக்கு இந்த மதிப்பைப் பயன்படுத்தாதீர்கள். அதற்குக் கையேடு இல்லாமல் முடியாது. நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது) ஒருமுறை கழற்றினால் புதிது போட வேண்டும். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், கடைசி இறுக்கு வண்டி தரையில் நிற்கும்போதுதான். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையில் சிக்கிக் கிழியும்.

கடைசியாக இடைவெளி. ஒரு முன் சக்கரத்தைத் தொங்கவிட்டு, மறுபக்கச் சக்கரத்தை அடியில் ஜாக்கி வைத்து ஏற்றுங்கள். ஸ்டியரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறுகடைசி வரை திருப்புங்கள். பாருக்கும் டிரைவ் ஷாஃப்ட், டை ராடு, பிரேக் ஹோஸ் ஆகியவற்றுக்கும் நடுவே 10 மி.மீ.யாவது இருக்க வேண்டும். விரல் நுழையாத இடத்தில் வாய்க்கால் களிமண்ணை உருண்டை பிடித்து ஒட்டி, சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, அமுங்கிய கனத்தை அளந்துகொள்ளுங்கள். இது வெறும் பட்டறைச் சோதனை இல்லை. வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் என்பது சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் அளவு. நம் கிராமத்து வேகத்தடைகளில் பலவும் கட்டுச்சுவர் மாதிரி இருக்கும். இறக்கிய காரை அடி தட்டாமல் இருக்கக் குறுக்காக ஏற்றுவீர்கள். நேராக ஏறினால் இரண்டு சக்கரமும் ஒன்றாக எழும், பார் முறுக்காது. குறுக்காக ஏறும்போதுதான் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகி, பார் உச்சத்துக்கு முறுக்கிக்கொள்ளும். இடிக்க வேண்டியது அப்போதுதான் இடிக்கும்.

சப் ஃபிரேமை இறக்கியதால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். தஞ்சாவூர் போய்த் திரும்பினால் 80 கி.மீ. ஆகும், வந்ததும் எல்லா நட்டிலும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: தடித்த பார் டிரைவ் ஷாஃப்டில் லேசாக உரசுகிறது. காஸ் வைத்துக் கொஞ்சம் வளைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக்.
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: வேண்டாம். அது ஸ்பிரிங் எஃகு. சிவக்கக் காய்ச்சிய இடத்தில் பதம் போய்விடும். பிறகு அங்கேயே வளையும், அல்லது அங்கேயே ஒடியும். ஒடிந்த கம்பி டயரைக் கிழிக்கக் காத்திருக்கும். லிங்க் நீளத்தை மாற்றிப் பாருங்கள். அதிலும் தீரவில்லையென்றால் பார் உங்கள் காருக்கு உரியதில்லை, திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பின்பக்கம் டுவிஸ்ட் பீம். அதில் பாரே இல்லை. பீமின் மேல் ஒரு கம்பியை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: பாரே இல்லை என்று சொல்ல முடியாது. இரு பின்சக்கரத்தையும் இணைக்கும் அந்தக் குறுக்குத் தகடு முறுக்கிக்கொடுப்பதே பாரின் வேலைதான். சில வண்டிகளில் அதன் பள்ளத்துக்குள் ஒரு கம்பியும் ஒளிந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் முறுக்கும் தகட்டில் வெல்டிங் வைத்தால், வெல்டிங்கின் ஓரத்திலிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். உங்கள் காருக்கென்றே செய்த, போல்ட்டில் மாட்டும் பார் கிடைத்தால் போடுங்கள். அது பீமின் இரு கோடியிலும், ஸ்பிரிங் உட்காரும் இடத்தை ஒட்டி மாட்டும்; நடுவில் பிடிக்கும் எதையும் வாங்காதீர்கள். கிட்டில் சொன்ன இடம் தவிர வேறெங்கும் துளையிட வேண்டாம். துளையிட்டால் பிசிறு நீக்கி, துத்தநாக பிரைமர் அடியுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிளும் பிரேக் பைப்பும் பாரில் உரசாமல் இருப்பதை, ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பார் போட்டு ஆறு மாதம் ஆகிறது. மெதுவாகப் போகும்போது 'டொக் டொக்', காலையில் வண்டி எடுக்கும்போது 'கிரீச்'. மெக்கானிக் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்கிறார். வண்டி பெரும்பாலும் வேதாரண்யம் பக்கம் ஓடுகிறது.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஷாக்கை மாற்றுவதற்கு முன் இரண்டு லிங்கையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றி ஓட்டாதீர்கள்; இரண்டையும் எடுத்து, பாரின் நுனிகள் எதிலும் படாதபடி கட்டிவைத்து, தெருவுக்குள் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று. சத்தம் நின்றால் குற்றவாளி லிங்கோ, பாரோ. நிற்காவிட்டால் மட்டும் ஷாக், ஸ்ட்ரட் மவுன்ட், பால் ஜாயின்ட் பக்கம் போகலாம்.

'டொக் டொக்' பெரும்பாலும் லிங்கின் பால் ஜாயின்ட். அல்லது லாக் நட் தளர்ந்திருக்கும். அதைக் கையாலேயே கண்டுபிடித்துவிடலாம். 'கிரீச்' என்பது காய்ந்துபோன பாலியூரிதேன் புஷ். புஷ்ஷைப் பிரித்துப் பாருங்கள்: சேற்றின் நுண்மணல் உள்ளே போய், உப்புக்கல் தேய்த்த மாதிரிப் பாரில் பளபளவென்று ஒரு வளையம் போட்டிருக்கும். பாரைத் துடைத்து, தேய்ந்த இடத்தை விரலால் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புதுப் புஷ்ஷும் நிற்காது. தட்டுப்படாவிட்டால் கழுவி, சிலிக்கோன் கிரீஸ் போட்டு மாட்டலாம். சாதாரண ரப்பர் புஷ்ஷில் பெட்ரோலிய கிரீஸ் தடவ வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

உப்பளக் காற்றில் ஓடும் வண்டிக்கு, மாற்றக்கூடிய லிங்கின் மரைதான் முதலில் துருவேறி இறுகும். மாட்டும்போதே மரையில் கிரீஸ் தடவி, வெளியே தெரியும் பகுதிக்கு ரப்பர் குழாய் ஒன்றைச் செருகிவிடுங்கள். மாதம் ஒருமுறை அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பார் மாட்டும் பிராக்கெட்டின் ஓரத்திலும், ஸ்ட்ரட்டின் காதிலும் முடிபோல விரிசல் ஓடுகிறதா என்று அப்போதே பாருங்கள். தடித்த பார் இழுக்கும் இழுப்பு முழுதும் அங்கேதான் போகிறது.

கேள்வி: பழைய மாருதி 800 வைத்திருக்கிறேன். தடித்த பார் போட வேண்டும். ஆனால் இதில் லிங்க் ராடே காணோமே?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இருக்காது. அந்த வண்டியில் பாரின் நுனி நேராக லோயர் ஆர்முக்குள் நுழைந்து, புஷ், வாஷர், நட்டோடு நிற்கிறது. சக்கரம் முன்பின் நகராமல் பிடித்திருப்பதும் அந்தப் பார்தான். வேறு அளவுப் பார் போட்டால் சக்கரத்தின் இடமே மாறும். புஷ்களை மட்டும் புதிதாகப் போடுங்கள். பிரேக் போட்டால் வண்டி ஒருபக்கம் இழுப்பது பல நேரம் அதிலேயே தீரும்.

கேள்வி: இதற்கெல்லாம் சட்டப்படி அனுமதி உண்டா? ஆர்.சி.யில் எழுத வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-இன்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஆர்.சி.யில் பாருக்கென்று தனிக் கட்டம் கிடையாது. கண்ணில் படுவது இறங்கிய உயரமும், வெளியே துருத்தும் டயரும்தான். ஆனால் விபத்துக்குப் பின் சர்வேயர் அடியில் குனிந்து பார்ப்பார். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இடம் கொடுக்காதீர்கள். போடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், போட்டபின் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கழற்றிய பழைய பார், புஷ், ஸ்பிரிங்கை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது தேவைப்படும்.